செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு... நாலும் வேண்டுமாம்!

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், ஏறக்குறையப் பாதி தூரத்தில் இருக்கிறது மண்டகப்பட்டு. சின்ன ஊர். அங்கே ஒரு பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் ஒரு கோயில் செய்து வைத்திருக்கிறான். காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். வாசலின் இரண்டு பக்கமும் தடியோடு இரண்டு வாயிற்காவலர்கள். பக்கத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் விசித்திரசித்தன் இந்தக் கோயிலைச் செய்தான் என்று அது சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த எல்லோருக்கும் இது ஒரு மார்க் கேள்வியாகவாவது ஞாபகம் இருக்கும்.

ராஜா பெருமையடித்துக்கொள்வது எதைப் பற்றி என்று கவனியுங்கள். எவ்வளவு செலவு செய்தேன் என்று அல்ல. எதையெல்லாம் வாங்காமல் வேலையை முடித்தேன் என்று! பாறை அங்கேயே கிடந்தது. அதிலேயே செய்தான். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போய் செஞ்சியில் இறங்குங்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். வெளியூர்க்காரர்கள் வந்தால் தங்க இடம் வேண்டும், தங்குகிற இடத்தில் இன்டர்நெட் வேண்டும். 'வைஃபை இருக்கா?' என்று கேட்ட பிறகுதான் 'ரூம் வாடகை எவ்வளவு?' என்று கேட்கிற காலம் இது.

ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாடி, முப்பது அறை. தொண்ணூறுகளில் கட்டியது. ஒவ்வொரு அறையிலும் இன்டர்காம் போன். 'ரெண்டு டீ அனுப்புங்க' என்று சொல்ல. அந்த முப்பது போனின் கம்பிகளும் சுவருக்குள்ளே ஓடி ரிசப்ஷனில் இருக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிக்கு வந்து சேருகின்றன. முதலாளி காண்டிராக்டரைக் கூப்பிட்டு எல்லா ரூமுக்கும் இன்டர்நெட் என்கிறார். காண்டிராக்டர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார், போன் கம்பியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். 'இதெல்லாம் பழசு சார், ஒண்ணுக்கும் ஆகாது. புதுசா இழுக்கணும்.' மறுநாள் கொட்டேஷன் வருகிறது.

சுவரைக் காடி எடுக்க, செங்கல் உடைக்க ஒரு தொகை. ரேக் வைக்க பிளைவுட் அலமாரி ஒரு தொகை. மாடிக்கு மாடி கேபிள் கொண்டுபோக இரும்பு டிரங்க்கிங் ஒரு தொகை. உடைத்ததைப் பூசி, சுண்ணாம்பு அடிக்க ஒரு தொகை.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு. நாலும் வந்துவிட்டது! மகேந்திரவர்மன் எதையெல்லாம் வேண்டாம் என்றானோ அதையெல்லாம் வரிசையாக எழுதி, கீழே ஜி.எஸ்.டி.யும் போட்டு நீட்டுகிறார்கள் :-)

இதில் கோபப்பட வேண்டியது காண்டிராக்டர் மேல் மட்டும் இல்லை. 'பழைய கம்பி ஒன்றுக்கும் ஆகாது' என்ற வாக்கியத்தை ஒருவர்கூடக் கேள்வி கேட்பதில்லையே, அதன் மேல்தான். லாட்ஜில் மட்டும் இல்லை, காலேஜ் ஹாஸ்டலில், ஆஸ்பத்திரியில், அரசு அலுவலகத்தில் எல்லாம் இதே கதை. இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் ஒரு தேசமே ஒரு பெரிய வாய்ப்பைக் கோட்டை விட்டது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் அந்தக் கம்பி.

போனில் பேசும் குரலுக்குத் தேவைப்படும் அலைவரிசை 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதே இரண்டு செம்புக் கம்பியில் ஏ.டி.எஸ்.எல். என்ற முறை சுமார் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது. ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. 2006-ல் தரமாக வந்த வி.டி.எஸ்.எல்.2 அதிகபட்சம் 30 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மெகாஹெர்ட்ஸில் 4 கிலோஹெர்ட்ஸ் என்பது 7500-ல் ஒரு பங்கு. பெரிய நாலுவழிச் சாலையைப் போட்டு, அதில் ஓரமாக ஒரே ஒரு மாட்டு வண்டியை விட்டு, 'இந்த ரோடு மாட்டு வண்டிக்குத்தான் லாயக்கு' என்று சொல்வது போல இருக்கிறது.

உடனே துள்ள வேண்டாம். அலைவரிசை உயர உயர, தூரம் போகப் போக, சிக்னல் தேய்ந்துகொண்டே வரும். நாலுவழிச் சாலை சில நூறு மீட்டருக்குத்தான். அப்புறம் இருவழி, அப்புறம் ஒற்றையடிப் பாதை. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் ஏ.டி.எஸ்.எல். திணறியதற்குக் காரணம் இதுதான். ஆனால் லாட்ஜில் ரிசப்ஷனுக்கும் மூன்றாவது மாடி கடைசி அறைக்கும் என்ன தூரம் வரும்? நூறு மீட்டர் வந்தாலே அதிகம். அந்தத் தூரத்தில் வி.டி.எஸ்.எல்.2-க்கு மூச்சு வாங்காது. 50, 60 மெகாபிட் என்பது ஓரளவு நல்ல கம்பியில் சாதாரணம். 2014-ல் வந்த ஜி.ஃபாஸ்ட் இதே போன் கம்பியில், குறைந்த தூரத்தில், நூற்றுக்கணக்கான மெகாபிட் தருவதற்காகவே உருவானது.

இது ஒன்றும் ரகசியமும் இல்லை. 2000-களின் தொடக்கத்திலேயே சிஸ்கோ கம்பெனி 'லாங் ரீச் ஈத்தர்நெட்' என்ற பெயரில் ஒரு சுவிட்ச் விற்றது. சாதாரண போன் கம்பியில் 5 முதல் 15 மெகாபிட். 5000 அடி வரை, அதாவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர். யாருக்காக? ஹோட்டல்களுக்காக! சுவரை உடைத்தால் அறையை மூட வேண்டும், அறையை மூடினால் வாடகை போகும். அந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்காகச் செய்தது. சாதாரண ஈத்தர்நெட் கேபிளுக்கோ 100 மீட்டர்தான் எல்லை.

வேலை எப்படி நடக்கும்? ரிசப்ஷனில் போன் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் குரோன் பெட்டி இருக்கும். அங்கே இ.பி.ஏ.பி.எக்ஸுக்கும் அறைக்குப் போகும் கம்பிக்கும் நடுவில் ஒரு ஸ்பிளிட்டர். கீழ் அலைவரிசை போனுக்கு, மேல் அலைவரிசை வி.டி.எஸ்.எல். சுவிட்சுக்கு. அறைப் பக்கம் அதே மாதிரி சின்ன ஸ்பிளிட்டர், ஒரு மோடம். போன் பாட்டுக்குப் போன், நெட் பாட்டுக்கு நெட். டீ சொல்லிக்கொண்டே கிரிக்கெட் பார்க்கலாம். முப்பது அறைக்கும் முப்பது மோடம் என்று பயப்படவும் தேவையில்லை. மூன்று அறைக்கு ஒரு இடத்தில் மோடமும் வைஃபை பெட்டியும் வைத்தால் பத்தோடு முடியும்.

செய்ய வேண்டிய உண்மையான வேலை கம்பியைச் சோதிப்பதில் இருக்கிறது. காண்டிராக்டர்கள் ஓடி ஒளிவதும் அதனால்தான். எந்த ஜோடி எந்த அறை என்று முதலில் தேட வேண்டும். தொண்ணூறுகளில் வயர்மேன் ஒட்டிய சீட்டு என்றைக்கோ விழுந்திருக்கும். பிறகு, ஒரே கம்பியில் கிளை போட்டு இரண்டு மூன்று போன் மாட்டியிருப்பார்கள். 'பேரலல்' என்று சொல்வார்களே, அது. அந்தக் கிளையை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் அந்த முட்டுச் சந்துக்குள் போய் முட்டித் திரும்பி வந்து எதிரொலியாகக் குழப்பும். முறுக்காத தட்டையான வயர் எங்கே இருக்கிறது, பச்சை பிடித்த ஜாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனி விலேனாகப் பிரிக்க வேண்டும், இல்லையேல் 12-ஆம் நம்பர் அறைக்காரர் 14-ஆம் நம்பர் அறைக்காரரின் லேப்டாப்பை எட்டிப் பார்ப்பார். இதற்கு ஒருநாள், இரண்டுநாள் ஒருவர் உட்கார்ந்து பொறுமையாக வேலை பார்க்க வேண்டும். பொறுமைக்கு கொட்டேஷனில் பத்தி இல்லை. மீட்டருக்கு இவ்வளவு என்று கேபிளுக்குப் பத்தி இருக்கிறது. அறைக்கு 40 மீட்டர் என்று வைத்தாலே முப்பது அறைக்கு 1200 மீட்டர். 305 மீட்டர் பெட்டிகள் நாலு. அதில்தான் மார்ஜின். ஆக, பழைய கம்பி உதவாது என்று சொல்பவருக்குப் புதுக் கம்பி விற்றால்தான் லாபம். காமர்ஸ் படிக்கிற எவனும் முதல் வருஷத்திலேயே புரிந்துகொள்ளும் சமாச்சாரம் இது.

இன்னொரு பாடமும் முதல் வருஷத்திலேயே வரும். ஏற்கெனவே போட்ட பணம் போட்ட பணம்தான், அது திரும்ப வராது. முடிவு எடுக்கும்போது இனிமேல் ஆகும் செலவையும் இனிமேல் வரும் வரவையும் மட்டும்தான் பார்க்க வேண்டும். சுவருக்குள் இருக்கும் கம்பி புத்தகக் கணக்கில் தேய்மானம் எல்லாம் கழித்துப் பூஜ்யமாகி இருக்கலாம். புத்தகத்தில் பூஜ்யம் என்பதால் பொருளே பூஜ்யம் என்று ஆகுமா? மண்டகப்பட்டுப் பாறைக்கு எந்தக் கணக்குப்பிள்ளை என்ன மதிப்புப் போட்டிருப்பான்?

லாட்ஜ் கதை இத்தோடு போதும். இதே கதையை ஊர் அளவுக்குப் பெரிதாக்குங்கள். ரிசப்ஷன் இருக்கும் இடத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், அறைகள் இருக்கும் இடத்தில் வீடுகள், வி.டி.எஸ்.எல். சுவிட்ச் இருக்கும் இடத்தில் டிஎஸ்லாம் என்ற பெட்டி. தத்துவம் ஒன்றேதான்.

இதை முதலில் யோசித்தவர்கள் ஏதோ அமெரிக்காக்காரர்கள்தான், நம்மூரில் யாருக்கும் தோன்றவில்லை என்று நினைத்தால் தப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரது சகாக்களும் நடத்திய டெநெட் குழு தொண்ணூறுகளிலேயே இதில் இறங்கிவிட்டது. கம்பியில்லாத் தொலைபேசிக்கு கார்டெக்ட், செம்புக் கம்பிக்கு டையாஸ். டையாஸை அந்தக் குழுவோடு சேர்ந்த பன்யன் நெட்வொர்க்ஸ் என்ற கம்பெனி செய்தது. ஒரே ஜோடிக் கம்பியில் போனும், எப்போதும் ஓடுகிற இணையமும். டயல் செய்ய வேண்டாம்.

அவர்கள் சொன்ன காரணம் வெறும் வேகம் மட்டும் அல்ல. எக்ஸ்சேஞ்ச் என்பது எல்லோரும் ஒரே நேரத்தில் பேச மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. ஒருவர் மூன்று நிமிடம் பேசுவார், வைத்துவிடுவார். டயலப் இணையம் வந்ததும் ஆள் ஒரு மணி நேரம் லைனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கும் கூட்டத்துக்குப் போட்ட சீட்டில் ஒருவர் படுத்துத் தூங்கினால் என்ன ஆகும்? அதேதான் ஆனது. ஆகவே இணைய டேட்டாவை குரல் சுவிட்சுக்குள்ளேயே விடாமல், வாசலிலேயே பிரித்துத் தனி வழியில் அனுப்ப வேண்டும் என்றார்கள். சென்னையில், தமிழ்நாட்டில், உட்கார்ந்து சொன்னார்கள்.

நாடு என்ன செய்தது? 2004 ஏப்ரலில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ஒரு பரிந்துரை கொடுத்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை போகும் செம்புக் கம்பியை மற்ற கம்பெனிகளும் வாடகை கொடுத்துப் பயன்படுத்த அனுமதியுங்கள் என்று. அப்போது நாட்டில் சுமார் 4 கோடித் தரைவழி இணைப்புகள். பெரும்பகுதி பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். கையில். 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. அதில் இந்தப் பரிந்துரையின் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. கம்பியைத் திறந்துவிடுவது கட்டாயம் இல்லை, கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம் என்று! பூட்டிய வீட்டுக்காரரும் தெருவில் நிற்பவரும் 'பேசி வைத்துக்கொள்ளலாம்' என்றால் யார் கதவைத் திறப்பார்?

அதே கொள்கையில் இலக்கும் இருந்தது. 2005-க்குள் 30 லட்சம், 2007-க்குள் 90 லட்சம், 2010-க்குள் 2 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள். அதுவும் பிராட்பேண்ட் என்பதற்கு வெறும் 256 கிலோபிட் என்று இலக்கணம் வைத்துக்கொண்டு. 2010 முடிவில் எட்டியது சுமார் 1 கோடியே 10 லட்சம். பாதியைக் கொஞ்சம் தாண்டியது. அதில் மிகப் பெரும்பகுதி இதே போன் கம்பியில் ஓடிய டி.எஸ்.எல். ஆனால் அந்த வருஷம் நாட்டில் சுமார் மூன்றரைக் கோடி தரைவழி போன்கள் இருந்தன. அதாவது ஏறத்தாழ நாலு கம்பியில் ஒன்றுதான் இரண்டாவது வேலை பார்த்தது. மீதி மூன்றும் மாட்டு வண்டி மட்டுமே.

தோற்றது கம்பி என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். கம்பியா தோற்றது?

அதே நேரத்தில் மற்ற ஊர்களில் நடந்ததைப் பாருங்கள். ஜப்பானில் 2001-ல் சாஃப்ட்பேங்க் 'யாஹூ பிபி' என்று ஏ.டி.எஸ்.எல். சேவை தொடங்கியது. ஓடியது யாருடைய கம்பியில்? என்.டி.டி.யின் கம்பியில், வாடகை கொடுத்து. வேகம் 8 மெகாபிட். தெருமுனையில் நின்று போகிற வருகிறவர்களுக்கு மோடம் கொடுத்தார்கள். நம்மூரில் நாலு வருஷம் கழித்து 256 கிலோபிட்டுக்குப் படிவம் நிரப்பிக் காத்திருந்தார்கள். பிரான்சில் 2002-ல் 'ஃப்ரீ' என்ற புதுக் கம்பெனி, பழைய பிரான்ஸ் டெலிகாம் கம்பியில், மாதம் 29.99 யூரோ என்று ஒரே விலை வைத்து சந்தையைக் கலக்கியது. பிரிட்டனில் 2006 ஜனவரியில் பி.டி. தன் கம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஓப்பன்ரீச் என்று தனிப் பிரிவே அமைத்தது. போட்டிக் கம்பெனிக்கும் தன் கம்பெனிக்கும் ஒரே மாதிரி கம்பி தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கழுத்தைப் பிடித்ததால்.

இங்கே பி.எஸ்.என்.எல். தரப்பு சொன்ன வாதத்தையும் சொல்ல வேண்டும், அது நியாயமில்லாத வாதம் அல்ல. தனியார் வந்தால் சென்னை தி.நகர் கம்பியைக் கேட்பான், மண்டகப்பட்டுக் கம்பியைக் கேட்க மாட்டான். லாபமுள்ள ஏட்டை அவன் எடுத்துக்கொண்டு நஷ்டமுள்ள பாலை நம்மிடம் விட்டுவிடுவான் என்று பயந்தார்கள். கிராமத்துக்குக் கம்பி இழுத்தது அரசுத் துறைதான். மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து வாடகையை ஒழுங்காக நிர்ணயிப்பது. சும்மா கிடக்கும் சொத்துக்கு வாடகை வந்தால் அது வரவு. கதவைப் பூட்டி வைத்ததால் தி.நகரும் மிஞ்சவில்லை, மண்டகப்பட்டும் மிஞ்சவில்லை. 4 கோடியாக இருந்த தரைவழி இணைப்புகள் 2020 வாக்கில் சுமார் 2 கோடியாகக் கரைந்தன. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பி.எஸ்.என்.எல்.லில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் வீட்டுக்குப் போனார்கள். எந்த பில்லர் பெட்டியில் எந்த ஜோடி எந்தத் தெருவுக்குப் போகிறது என்று மனப்பாடமாகத் தெரிந்த லைன்மேன்களும் அந்தக் கூட்டத்தில்தான் போனார்கள். கம்பியைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி, கம்பியையும் காப்பாற்றவில்லை, கம்பியைத் தெரிந்தவர்களையும் காப்பாற்றவில்லை.

சேவையின் லட்சணத்தையும் மறக்கக் கூடாது. பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் 2005 ஜனவரியில் வந்தது. மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கு இல்லை என்று பிறகு ஒரு சலுகை கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் ஒரு தலைமுறைப் பையன்கள் அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டது அப்போதுதான். பகலில் அதே கம்பி சும்மா கிடந்தது! மழை பெய்தால் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கி லைன் கரகரக்கும், நெட் அறுந்துவிடும். ரோடு போடுகிறவர்கள் ஜே.சி.பி.யால் கேபிளை அறுப்பார்கள், இரண்டு வாரம் ஊரே ஊமை. இதெல்லாம் செம்பின் குற்றம் என்று எழுதிவிட்டார்கள். ஜாயிண்டை மூடாதவர் குற்றம் செம்புக்கு, தோண்டுவதற்கு முன் கேட்காதவர் குற்றமும் செம்புக்கு. இன்றைக்கு அதே ஜே.சி.பி. ஃபைபரை அறுக்கிறது. செம்பை வயர்மேன் முறுக்கி டேப் சுற்றிவிடுவார். ஃபைபரை ஒட்ட மெஷினோடு ஆள் வர வேண்டும்.

இப்போது எதிர்க்கேள்விகள் வரும். முதலாவது: 'எல்லாம் ஃபைபர் ஆகிவிட்ட காலத்தில் செம்பைப் பற்றி என்ன ஒப்பாரி?' ஃபைபர் நல்லது, சந்தேகமே இல்லை. பிரிட்டன் தன் பழைய போன் நெட்வொர்க்கை 2027 ஜனவரியில் நிறுத்தத் தேதி குறித்திருக்கிறது. பி.எஸ்.என்.எல்.லும் செம்பு வாடிக்கையாளர்களை ஃபைபருக்கு மாற்றி வருகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஊர் வரை, ஊரிலிருந்து கட்டடம் வரை ஃபைபர்தான் வர வேண்டும். தெருவில் செம்பின் காலம் முடிந்தது. ஆனால் கட்டடத்துக்குள்? ஃபைபரின் தாயகம் என்று எல்லோரும் சொல்கிற ஜப்பானிலேயே அபார்ட்மெண்டுகளுக்கு வாசல் வரை ஃபைபரைக் கொண்டுவந்துவிட்டு, உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய போன் கம்பியிலேயே வி.டி.எஸ்.எல். கொடுத்தார்கள். சுவரை உடைக்க நூறு குடித்தனக்காரர்களிடமும் சம்மதம் வாங்குவதைவிட அது சுலபம் என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

இரண்டாவது: 'செல்போனிலேயே எல்லாம் வந்துவிட்டதே?' படம் பார்க்க, பாட்டுக் கேட்க வந்துவிட்டது. முப்பது அறையில் அறுபது பேர் ஒரே டவரைப் பிடித்து இழுக்கிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் வந்து பாருங்கள். ஹாஸ்டலில் முன்னூறு பேர் ஒரே நேரத்தில் ஆன்லைன் தேர்வுக்கு உட்காரும்போது வந்து பாருங்கள்.

மூன்றாவதாக ஒரு நியாயமான கேள்வி உண்டு. கம்பி உண்மையிலேயே கெட்டுப் போயிருந்தால்? எலி கடித்திருந்தால், பெயிண்ட் அடிக்கும்போது அறுத்திருந்தால், காயலான் கடைக்குப் போயிருந்தால்? அப்படியானால் புதுசு போடுங்கள், யார் வேண்டாம் என்றது? புதிதாகக் கட்டும் கட்டடத்தில் செம்பு போன் கம்பியைத் தேடி அலையச் சொல்லவும் இல்லை. சோதித்துப் பார்த்துவிட்டு 'ஆகாது' என்று சொல்லுங்கள் என்றுதான் சொல்வது. பார்க்காமலேயே சொல்லாதீர்கள். முப்பதில் பத்து கெட்டிருந்தால் பத்துக்குப் புதுக் கம்பி, இருபதுக்குப் பழையது. அந்த இருபதுக்குச் சுவர் உடைய வேண்டியதில்லை.

இந்தப் பார்க்காமலேயே சொல்லும் வியாதி கட்டடத்தோடு நிற்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 2011-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்து பின்னால் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தில் ஊராட்சி ஊராட்சியாக ஃபைபர் போகிறது. தமிழ்நாட்டில் மட்டும் 12,525 ஊராட்சிகள். பணம் அரசுடையது, வேலை பெரியது. ஆனால் அந்த ஃபைபர் வந்து நிற்பது ஊராட்சி அலுவலகத்தில். அங்கிருந்து பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், நூலகம், வீடு, கடை என்று கடைசி இருநூறு முன்னூறு மீட்டரை யார் போவது, என்ன வாடகைக்குப் போவது, உள்ளூர் கேபிள் டிவிக்காரர் தன் போஸ்ட்டையும் வயரையும் வைத்துக்கொண்டு அதில் சேரலாமா? இந்தக் கேள்விகள்தான் 2004-ல் செம்புக்குக் கேட்கப்பட்டன. 'பேசி வைத்துக்கொள்ளலாம்' என்று பதில் சொல்லிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்குச் செம்பே சாட்சி. போட்ட கம்பி போட்ட இடத்தில் கிடக்கும். பத்து வருஷம் கழித்து இன்னொரு காண்டிராக்டர் வந்து அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

லாட்ஜ் முதலாளியோ, காலேஜ் நிர்வாகமோ, ஆஸ்பத்திரி ஆபீசரோ, மேசையில் அடுத்த கொட்டேஷன் வரும்போது அதில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். 'கட்டடத்தில் உள்ள பழைய போன் கம்பி: மொத்தம் இத்தனை ஜோடி, சோதித்ததில் நல்லது இத்தனை.' அந்த வரி இல்லையென்றால் காண்டிராக்டரைத் திருப்பி அனுப்புங்கள். ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால், காலண்டருக்குக் கீழே, தூசி படிந்த சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருக்கும். நாலு ஸ்க்ரூதான். அதைக் கழற்றி எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.